ஐந்தாவது மாத்திரை

மாத்திரை அக்காவிடம் பெயர் சொல்லி மருந்து கேட்டால் அவளுக்குப் பிடிக்காது. "காலையில போடுறது, நீளமா மஞ்சளா இருக்குமே" என்று இழுத்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். அலமாரிப் பக்கம் திரும்பாமலே கை பின்னால் போகும், சரியான பெட்டியோடு முன்னால் வரும். இருபத்திரண்டு வருஷமாக அந்த மருந்துக் கடைக் கல்லாவுக்கு இடப்பக்கம் அவள் நிற்கிறாள். அந்தத் தெருவில் யாருக்கு இரத்த அழுத்தம், யாருக்கு வாயு, யார் வீட்டில் தூக்க மாத்திரை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது. அதில் அவள் கெட்டி.

அவள் கையில் எப்போதும் ஒரு கத்திரிக்கோல் இருக்கும். அட்டையில் பத்து மாத்திரை என்றால் நாலு போதும் என்கிற ஜனம்தானே அதிகம். பெயரும் தேதியும் அச்சடித்த பக்கம் கடையிலேயே நிற்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். அதனால் வெட்டுகிற துண்டு மொட்டையாகப் போகும். "பேர் இல்லையேக்கா" என்று யாராவது கேட்டால், "எனக்குத் தெரியுமில்ல, அப்புறம் என்ன" என்பாள்.

இதே கதைதான் வீட்டிலும். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி இயந்திர அறையில் மயங்கி விழுந்ததிலிருந்து அவருக்கு ஒரு நாளைக்கு நாலு வகை மாத்திரை. நேரம் பார்த்து அக்கா எடுத்துக் கொடுப்பாள். அவர் கையை நீட்டுவார், வாயில் போடுவார், தண்ணீர் குடிப்பார். கண் பேப்பரிலேயே இருக்கும். ஊரில் உள்ள பழைய லிஃப்ட் அத்தனைக்கும் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். தன் தொண்டைக்குள் என்ன போகிறது என்று கேட்டால் தெரியாது.

காலையில் மட்டும் அவர் முதலில் எழுவார். டீக்குத் தண்ணீர் வைக்கும் முன்பே, ஒரு டம்ளர் தண்ணீரும் அக்காவின் தைராய்டு மாத்திரையும் கட்டிலோரம் கொண்டுவந்து கொடுப்பார். அவள் பாதித் தூக்கத்தில் விழுங்கிவிட்டு எழுவாள். கொடுப்பதற்கென்றே பிறந்தவளுக்கு வாங்கிக்கொள்ள இந்த ஒன்று.

அப்படியிருக்கையில்தான் கம்பெனியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. கடல் நடுவே ஒரு தீவு, அதில் புதிதாக ஒரு ஓட்டல், அதற்கு நாலு லிஃப்ட். பொருத்திக் கொடுக்க நாற்பது நாள் போக வேண்டும். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார், மடித்து அடையாள அட்டைக்குப் பின்னால் செருகினார். சாப்பிடும்போது, "கடல் தண்ணி அங்க பச்சையா இருக்குமாம்" என்றார். முப்பத்தொரு வருஷமாக வெளிச்சம் படாத குழிக்குள் ஏறி இறங்கிய மனுஷன். இன்னும் மூன்று வருஷத்தில் ஓய்வு. அவருக்கு எவ்வளவு ஆசை என்று அக்காவுக்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒரே ஒரு நிபந்தனை. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் வெளிநாடு போகிறவர்களைப் பார்க்கும் பயண மருத்துவமனையில் உடம்பைக் காட்டி, போகலாம் என்று டாக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவும் வருகிற வெள்ளிக்கிழமைக்குள்.

அக்கா களத்தில் இறங்கினாள். கொசு கடிக்காமலிருக்கப் பூசும் களிம்பு, வெயிலுக்கு ஒரு களிம்பு, வயிற்றுப்போக்குக்கு உப்புக் கரைசல் பொட்டலம் பன்னிரண்டு, காயத்துக்குப் பஞ்சு, வேர்க்குருவுக்குப் பவுடர். இன்னும் எதையோ தேடி ஏணியில் ஏறியவளைப் பார்த்து முதலாளி, "தீவுக்குப் போறது உன் வீட்டுக்காரரா, நம்ம கடையா?" என்றார். அக்கா கண்டுகொள்ளவில்லை.

திங்கட்கிழமை இருவரும் போனார்கள். டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். சிரித்த முகம், ஆனால் பிடி விடாத ஆள். அழுத்தம் பார்த்தாள், ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினாள், மஞ்சள் காமாலைக்கு ஒன்று, டைபாய்டுக்கு ஒன்று என்று இரண்டு கையிலும் ஊசி போட்டாள். பிறகு, "தினமும் என்னென்ன மாத்திரை எடுக்கிறீங்க?" என்று கேட்டாள்.

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"அவங்களைப் பார்க்காதீங்க. அவங்களும் தீவுக்கு வர்றாங்களா?"

"இல்லம்மா."

"அப்போ நீங்க சொல்லுங்க."

அவர் திருதிருவென்று விழித்தார். "ஒரு ரோஸ் கலரு. ரெண்டு வெள்ளை. அப்புறம் ஒண்ணு, சின்னது."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் கொட்டினாள். எல்லாம் கடையில் வெட்டிக் கொண்டுவந்த துண்டுகள். "நான் சொல்றேன் டாக்டர்" என்று ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல பேரும் இல்ல, தேதியும் இல்ல."

"எனக்குத் தெரியுமே."

"உங்களுக்குத் தெரியும். விமான நிலையத்துல பையைத் திறந்து இது என்னன்னு கேட்டா நீங்க போய் நிப்பீங்களா? அந்தத் தீவுல பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. படகுல ரெண்டு மணி நேரம் போகணும். இவருக்குத் தலை சுத்துனா, என்ன மாத்திரை போடுறீங்கன்னு படகுக்காரன் கேப்பான். ரோஸ் கலர்னா அவனுக்கு என்ன புரியும்?" குரலை உயர்த்தவில்லை. "முழு அட்டையா வாங்குங்க, மருந்துச் சீட்டையும் கூடவே வைங்க, கைப்பையில வைங்க. வெள்ளிக்கிழமை வந்து இவரே எங்கிட்ட சொல்லட்டும். சொன்னா கையெழுத்து. இல்லைன்னா மன்னிச்சுக்கோங்க."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பஸ்ஸில் வரும்போது டாக்டரம்மாவை வாய்க்குள்ளேயே கரித்துக் கொட்டினாள். நேற்று வந்தவள், தனக்கே பாடம் எடுக்கிறாளாம். அவர் ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டே, "விடு. போகலைன்னா என்ன இப்போ" என்றார். அது வந்துதான் அவளைக் குத்தியது. அந்த மனுஷன் வாயைத் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. கேட்காமல் ஆசைப்பட்ட இந்த ஒன்றையும் தான்தான் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். கையில் வைத்துத் தாங்குகிறோம் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டது, கடைசியில் அவரை ஒன்றும் தெரியாதவராக்கி வைத்திருக்கிறது. அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பது தனக்குப் பிடித்திருந்தது என்பதையும் அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்றைக்கே நாலு முழு அட்டை வாங்கினாள். சாப்பாட்டு மேசையில் பாடம் ஆரம்பமானது. டெல்மிசார்டான், மெட்ஃபார்மின், ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாடின். அவர் நாக்கு அங்கங்கே இடறி விழுந்தது. செவ்வாய்க்கிழமை சர்க்கரை மாத்திரையைக் கொழுப்புக்கு என்றார், கொழுப்பு மாத்திரையை டெல் என்று ஆரம்பித்து நடுவில் நின்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரு லிஃப்டு எல்லாம் மனப்பாடம். நாலு பேரு நிக்க மாட்டேங்குதே உங்க மண்டையில."

"லிஃப்டை யாரு மனப்பாடம் பண்ணா?" என்றார் அவர், கொஞ்சம் சூடாகவே. "ஒரு கம்பி எதை ஓட்டுதுன்னு தெரிஞ்சா அது எங்க போகுதுன்னு தானா தெரியும். இந்த மாத்திரை உள்ள போய் என்ன பண்ணுதுன்னு நீ எனக்கு இதுவரைக்கும் சொன்னதே இல்ல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. யாரும் அவளிடம் கேட்டதுமில்லை, அவள் யாருக்கும் சொன்னதுமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் மாத்திரை ரத்தக் குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கிறது என்றாள். இரண்டாவது சர்க்கரைக்கு, காலையும் இரவும் சாப்பாட்டோடு. மூன்றாவது ரத்தம் கட்டாமலிருக்க. நாலாவது இரவில், குழாயில் கொழுப்பு படியாமலிருக்க. அவர் எழுந்து போய்த் தன் வேலைப் பையைக் கொண்டுவந்தார். உள்ளே இயந்திர அறையில் கம்பிகளில் கட்டுகிற மஞ்சள் சீட்டுகள் ஒரு கட்டு இருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் அச்சடித்த மூன்று வரி: எண், பெயர், எதை ஓட்டுகிறது. பென்சிலை நாக்கில் தொட்டுக் கொட்டை எழுத்தில் நிரப்பி, அட்டைக்கு ஒன்றாகக் கட்டினார்.

அவ்வளவுதான். புதன்கிழமை காலை, அட்டைகளைப் பார்க்காமலே நாலையும் ஒப்பித்தார். எங்கே தப்பு வரும் என்று அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரவில்லை.

வியாழக்கிழமை கடையில் அவள் ஒரு காரியம் செய்தாள். வெட்டிய துண்டைக் காகித உறையில் போட்டு, மேலே பெயர், தேதி, எதற்கு என்று எழுதிக் கொடுத்தாள். "எதுக்குக்கா இதெல்லாம், உனக்குத்தான் தெரியுமே" என்றார் வாங்கியவர். "எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்" என்றாள் அக்கா. முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள். அறைக்குக் கதவு இல்லை, துணித் திரைதான். அக்கா அதற்கு அடுத்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். பை மடியில், கை பையின் வாரில்.

உள்ளே அவர் குரல் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பெயர், அளவு, நேரம், வேலை, எல்லாம் வரிசையாக வந்தன.

"அங்க வாந்தி பேதி வந்துட்டா?"

"உப்புக் கரைசல் குடிக்கணும். ஒண்ணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும் போடுறதுக்கு முன்னாடி டாக்டருக்குப் போன் போட்டுக் கேக்கணும். நானா முடிவு பண்ணக் கூடாது."

"பரவாயில்லையே. அவ்வளவுதானே?"

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா" என்றார் அவர். "தைராக்சின். எழுபத்தஞ்சு. காலையில வெறும் வயித்துல, டீக்கு அரை மணி நேரம் முன்னாடி."

தாள் புரளும் சத்தம். "இது சீட்டுலேயே இல்லையே. உங்களுக்குத் தைராய்டு கிடையாதே."

"எனக்கு இல்லம்மா, வீட்டுல அவங்களுக்கு. ஆறு வருஷமா நான்தான் எடுத்துக் குடுக்கிறேன். எழுந்த உடனே அடுப்புகிட்ட போயிடுவா, அப்புறம் கடை. ஊருக்கே மாத்திரை ஞாபகம் இருக்கும், இது இருக்காது. நாலு நாள் முன்னாடியே கேக்கணும்னு இருந்தேன். நான் போயிட்டா இதுக்கு என்ன பண்றது?"

திரைக்கு இந்தப் பக்கம் அக்கா பை வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாலு பெயரை ஏற்ற இரண்டு நாள் மல்லுக்கட்டினாளே, இந்த ஐந்தாவதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. துடைப்பதற்குள் திரை விலகியது.

"உள்ள வாங்க" என்றாள் டாக்டரம்மா. "தைராக்சின் எவ்வளவு எடுக்கிறீங்க?"

"அம்பது" என்றாள் அக்கா, சட்டென்று. கடையில் பழகிய வாய்.

"எழுபத்தஞ்சு" என்றார் அவர் மெதுவாக. "போன வருஷம் ரத்தம் பார்த்துட்டுக் கூட்டினாங்க. நான்தான் போய் முடிவை வாங்கிட்டு வந்தேன், அதுலேருந்து பாட்டிலும் அங்கேயேதான் வாங்குறேன். சொன்னேன், நீ சரின்ன."

மாத்திரை அக்காவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாத்திரை விஷயத்தில் தப்பு வந்தது. மூக்கு உடைந்தது, அதுவும் சொந்த மாத்திரையில். ஆனால் என்ன ஆச்சரியம், அவமானமாகவே இல்லை. அசடு வழியச் சிரித்தாள்.

"இப்போ இவரை நம்பி அனுப்பலாம்" என்றாள் டாக்டரம்மா. "உங்களை நம்பித்தான் விட முடியலை." சொல்லிக்கொண்டே தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த புதன்கிழமை இரவு அவர் கிளம்பினார். கைப்பையில் நாற்பது நாளுக்கான முழு அட்டைகள், மஞ்சள் சீட்டுகள் நாலு, மருந்துச் சீட்டு இரண்டு பிரதி.

வியாழக்கிழமை காலை அக்காவுக்குத் தானாகவே விழிப்பு வந்தது. வீடு அமைதியாக இருந்தது. எழுந்து நேராக அடுப்புப் பக்கம்தான் போயிருப்பாள். கட்டிலோரம் ஒரு டம்ளர் தண்ணீர் மூடி வைத்திருந்தது. பக்கத்தில் அந்தச் சின்ன பாட்டில், அதன் கழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டு. எப்போது கட்டினாரோ. விளக்கைப் போட்டுப் படித்தாள், அதே கொட்டை எழுத்து.

எண்: 5. பெயர்: தைராக்சின் 75. எதை ஓட்டுகிறது: இந்த வீட்டை.

போன் அடித்தது. அங்கே என்ன மணியோ. அக்கா அவசரப்படவில்லை. மாத்திரையைப் போட்டு, தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எடுத்தாள்.

"போட்டாச்சு" என்றாள். "நீங்க ஒண்ணாம் நம்பர் போட்டீங்களா?"