பண்டார் ஹிலிர் தோற்க வேண்டிக்கொண்டவர்

செய்தி வந்தபோது நான் தேங்காய்ப்பால் விட்ட குளிர்ந்த செண்டோல் குடித்துக்கொண்டிருந்தேன். பண்டார் ஹிலிர் கூடைப்பந்துக் குழு மூவார் குழுவிடம் தோற்றுப்போயிருந்தது, அதைக் கொண்டாடத்தான். எங்கள் பஸ் கம்பெனி கண்டக்டர் முத்து, ஓடுகிற பஸ்ஸின் படியில் தொங்கியபடியே, "அண்ணே, ஆறுமுகம் அண்ணே போய்ட்டாரு! நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு!" என்று கத்திவிட்டுப் போனான். 'ஐயோ, மூவார் ஜெயித்ததை அவரிடம் சொல்லவில்லையே' என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. மனிதர் செத்துப்போனார் என்கிறான், எனக்கு ஆட்டத்தின் நினைப்பு. இந்தப் புத்தியை எதைக்கொண்டு அடிப்பது? கிண்ணத்தில் மிச்சமிருந்ததையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிக்கெட் இன்ஸ்பெக்டர் ஆறுமுகத்தை எங்கள் காஜா பேராங்கில் யாருக்கும் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டுத் திட்டு வாங்கியவர்களாக இருப்பீர்கள். பஸ்ஸின் முன்பக்கம் நின்று பேசினால் பின்சீட்டில் தூங்குகிறவன் விழித்துக்கொள்ளும் குரல். அவர் மனைவி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசத் தொடங்கிவிட்ட தமிழரான சிட்டி குடும்பத்துப் பெண். வீட்டில் மலாய்தான் பேச்சு. "வீட்டுல அடக்கி வச்ச தமிழெல்லாம் எங்கயாச்சும் வெளிய வரணும் இல்லையா லா? அதான் திடலுக்கு வர்றேன்" என்பார்.

அவர் சொன்ன திடல், சீனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டுத் தரை. கால்பந்து என்றால் நம்மவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். கூடைப்பந்தைச் 'சீனன் ஆட்டம்' என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஒதுக்காத ஏழெட்டுத் தமிழர்கள் பலகை பெஞ்சில் ஒரே வரிசையாக உட்காருவோம். வரிசையின் நடுவில் ஆறுமுகம் அண்ணன், அவருக்கு வலப்பக்கம் நான். கம்பெனி ஆபீசில் கிளார்க் வேலை எனக்கு. வேலையைவிட வாய் அதிகம்.

புதிதாக ஒருவன் எங்கள் வரிசைக்கு வந்து, "நம்ம குழு ஜெயிக்குமா அண்ணே?" என்று கேட்டால் அண்ணனுக்குக் கோபம் வந்துவிடும். "ஜெயிச்சா என்னா, தோத்தா என்னா? பண்டார் ஹிலிர்க்காரன் தோத்தானான்னு கேளு" என்று பிடித்துக்கொள்வார். அவருடைய வாதம் எனக்கு மனப்பாடம். "நம்ம ஆளு ஜெயிக்கணும்னு உக்காந்தா வயித்தெரிச்சல்தான் மிச்சம். நம்ம பயலுகளைப் பத்தி உனக்குத் தெரியாதா? ஆனா பண்டார் ஹிலிர் தோக்கணும்னு உக்காந்து பாரு. மூவார்க்காரன் நம்ம ஆளு, ஜாசின்காரன் நம்ம ஆளு, சிரம்பான்காரன் நம்ம ஆளு. ஒரே ஒருத்தனைப் பகைச்சுக்கிட்டா ஊரெல்லாம் சொந்தம் லா!"

வெறும் வேடிக்கைக்காகச் சொன்னதில்லை. பண்டார் ஹிலிர் குழு, துறைமுகத்துச் சீன முதலாளி, தவுக்கே, ஒருவர் பணம் போட்டு வளர்த்த குழு. அவர்களுக்குக் காலுக்கு நல்ல சப்பாத்து, மின்விளக்கு, ஆட்டம் முடிந்தால் கோழிச் சோறு. எங்கள் பையன்களோ கிழிந்த கான்வாஸ் சப்பாத்தில் ஆடினார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எங்களில் ஒருவன் நன்றாக ஆடத் தொடங்கியதும் தவுக்கேயின் கிடங்கில் அவனுக்கு வேலை கிடைக்கும். அடுத்த மாதம் அவன் அந்தச் சட்டையில் வந்து எங்கள் கூடையிலேயே பந்தைப் போடுவான். அண்ணனின் பகைக்குக் காரணம் இருந்தது. இன்றும் அந்த வாதத்தில் எனக்குக் குறை சொல்லத் தெரியவில்லை.

ஒருமுறை பிள்ளையார் கோயிலில் பண்டார் ஹிலிர் தோற்கவேண்டும் என்று சிதறுகாய் உடைக்க வந்து நின்றார். குருக்கள் மறுத்துவிட்டார். "அடுத்தவன் கெடணும்னு வேண்டக் கூடாது ஆறுமுகம், அது நம்ம தலையிலேயே விடியும்" என்றார். இவர் கொஞ்சமும் அசராமல், "நான் எங்க சாமி அப்படி வேண்டுறேன்? ஜாசின்காரன் நல்லா இருக்கணும்னு வேண்டுறேன். நல்லது நினைச்சாக் குத்தமா?" என்று கேட்டுவிட்டுத் தேங்காயை ஓங்கி அடித்தார். அன்றைக்கு ஜாசின் ஜெயித்தது. எங்கள் வரிசை முழுவதற்கும் செண்டோல் வாங்கித் தந்தார். அதிலிருந்து பண்டார் ஹிலிர் தோற்கும் நாளெல்லாம் எங்களுக்குச் செண்டோல் நாள்.

பிறகு அவருடைய ஒரே மகன் தங்கராஜ் வளர்ந்தான். உயரம் அம்மா வழி, வேகம் யார் வழியோ. இரண்டு வருடம் எங்கள் குழுவில் ஆடினான். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். தவுக்கேயிடமிருந்து ஆள் வந்தது.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அப்பாவை மீறி மகன் எதிரிக் குழுவில் சேர்ந்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், அது பொய். வேலைக்குப் போகச் சொன்னவரே அண்ணன்தான். "சோறு வேற, விளையாட்டு வேற. போடா, போய்ச் சேரு. ஆனா அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுத் திடலுக்கு வந்தா நான் உன்னைச் சும்மா விடமாட்டேன், சொல்லிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார். முதல் ஆட்டத்தில் மகன் பந்தைத் தொட்டதும், "டேய் சோத்துக் கட்சி! டிக்கெட்டை எடு!" என்று இவர் கத்த, அவன் ஓடிக்கொண்டே அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தான். திடலே சிரித்தது. வீட்டுக்கு இருவரும் ஒரே சைக்கிளில் போனார்கள்.

அது அப்படியே இருந்திருக்கும். நாங்கள்தான் விடவில்லை. தங்கராஜ் கைக்குப் பந்து போனால் எங்கள் வரிசை ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அண்ணனைப் பார்க்கும். என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருப்போம். நேற்றுச் சொன்னதையே சொன்னால், "என்னண்ணே, பாசமா?" என்று நான் சீண்டுவேன். உடனே இன்னும் காரமாக ஒன்று வரும். எங்களை ஏமாற்ற அவருக்கு மனம் வராது. சில நாள் அவர் முகத்தில் களைப்புத் தெரிந்தது. அதைப் பார்த்தேன், பார்த்தும் சீண்டினேன். பையன் கண்ணடிப்பதை எப்போது நிறுத்தினான் என்று எனக்கு நினைவில்லை, அதை யார் கவனித்தார்கள்?

நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்த வருடம் கொண்டாட்டத்துக்காக எங்களுக்கும் அவர்களுக்கும் ஓர் ஆட்டம் வைத்தார்கள். புதுக்கொடி கட்டியிருந்தது. இனி நாமெல்லாம் ஒரே நாட்டு மக்கள், வேற்றுமை மறக்கவேண்டும் என்று ஒருவர் மேடையில் பேசினார். "ஒரே நாடு சரி லா. ஒரே குழு இல்லையே" என்று அண்ணன் முணுமுணுத்தார், நாங்கள் உருண்டு உருண்டு சிரித்தோம். ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது தங்கராஜ் கூடைக்கு அடியில் எம்பினான். மேலே யாரோ மோதினார்கள். சிமெண்டில் இடது தோள் பட விழுந்தான். விழுந்தவன் எழவில்லை.

திடல் அடங்கிப்போயிற்று. அண்ணன் எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காருங்கண்ணே, பண்டார் ஹிலிர்க்காரன்தானே விழுந்தான், நமக்கென்ன?" என்றேன். எங்கள் வரிசை சிரித்தது. அவர் உட்கார்ந்தார். வரிசை முழுவதும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஆமா லா. ஒருத்தன் கொறஞ்சான்" என்றார். மெதுவாகச் சொன்னதாக அவர் நினைத்திருக்கலாம். ஆனால் அது பஸ்ஸின் பின்சீட்டுவரை கேட்கும் குரல், திடலில் வேறு சத்தமே இல்லை. படுத்திருந்த பையன் எங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

காறையெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பண்டார் ஹிலிரில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போனான். அங்கேயே இருந்துவிட்டான். அம்மா மட்டும் போய்ப் பார்த்து வந்தார். அப்பாவும் மகனும் அதன்பிறகு, அவர் சாகும்வரை இரண்டு வருடம், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அண்ணன் திடலுக்கு வருவதை நிறுத்தினார். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பார். "மணியம், நேத்து அவனுங்க ஆடினானுங்களா? யார் யாரு ஆடினா?" என்று கேட்பார். பழைய பகை குறையவில்லை என்று எனக்குச் சந்தோஷம். "தங்கராஜ் இன்னும் ஆடலண்ணே. கை தூக்க முடியலையாம். அவனில்லாம அவனுங்க பாதி பலம் போச்சு, இந்த வருசம் ஒழிஞ்சானுங்க!" என்று உற்சாகமாகச் சொல்வேன். அவர் தலையாட்டிவிட்டுப் போவார். தன் பிள்ளைக்குத் தோள் ஆறிவிட்டதா என்று ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். நான் அவருக்குக் குழு நிலவரம் சொல்லியிருக்கிறேன். இந்த மரமண்டைக்கு அது அவர் போன பிறகுதான் உறைத்தது.

இறுதிச் சடங்குக்குத் தங்கராஜ் வந்தான். கொள்ளி வைக்க வேறு யார் இருக்கிறார்கள்? பெரியவர்கள் சொன்னதைச் செய்தான். நீர்க்குடத்தை இடது தோளில் ஏற்றிவைத்தார்கள். ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், பிறகு வலது தோளுக்கு மாற்றிக்கொண்டான். "இடது தோள்லதான் வைக்கணும் தம்பி" என்றார் ஒரு பெரியவர், ஒன்றும் அறியாமல். நாங்கள் ஏழெட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் தேவலை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பந்தி முடிந்திருந்தது. அவன் அம்மா கையில் தட்டோடு நின்று, "மாக்கான் டூலு, தங்கா, மாக்கான்" என்று மகனைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவன் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றான்.

"தம்பி, அன்னைக்கு நீ விழுந்தப்ப உங்கப்பா எழுந்தாரு. நான்தான் சட்டையப் பிடிச்சு உக்கார வச்சேன். அந்தப் பேச்சும் நான் இழுத்துவிட்டதுதான். என்னைத் திட்டு. அவரைத் திட்டாத."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "தெரியும் சித்தப்பா. படுத்த இடத்துலேருந்து உங்க வரிசை நல்லாத் தெரிஞ்சுச்சு. அவரு எழுந்தாரு, நீங்க இழுத்தீங்க, உக்காந்துட்டாரு. உங்க கையத் தட்டிவிட்டுட்டு வந்திருக்கலாமே! சின்னப் புள்ளையா அவரு?"

திட்டுவான் என்று தயாராகப் போயிருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. இரண்டு வருடமாக அவன் மனதில் கிடந்தது என் கை இல்லை, அந்தக் கை விலக்கப்படாமல் போனதுதான். என்ன சமாதானம் சொல்வது? பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான். நடந்ததை மட்டும் சொன்னேன்.

"ஒரு கையால இழுத்தேன், வரல தம்பி. அந்த மனுசன் நின்னாரு. அவரு முதுகுக்குப் பின்னாடி, உனக்குத் தெரிஞ்சிருக்காது, ரெண்டு கையும் போட்டு, முன் பெஞ்சுல கால ஊணிக்கிட்டுத்தான் இழுத்தேன். அப்புறந்தான் உக்காந்தாரு."

"ரெண்டு கையாலயா?"

"ரெண்டு கையாலயும்."

அவன் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தான். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்தே, "இன்னொரு தடவ சொல்லுங்க சித்தப்பா" என்றான். சொன்னேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை என் வீடு தேடி வந்து கேட்டிருக்கிறான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்கிறேன்.

அவரை நேசித்தவர்களுக்கு அவரவர் பங்காக ஏதாவது மிஞ்சியிருக்கும். அந்தக் குரலோ, அந்தச் சிரிப்போ. எனக்கு மிஞ்சியிருப்பது என் கைகளில் இருக்கிறது. அதை யாரிடமும் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது, தீரவேண்டும் என்று கேட்கவும் எனக்கு உரிமையில்லை. மகனிடம் போக அவர் எவ்வளவு பலமாக எழுந்தார் என்பது, தடுத்தவனான எனக்குத்தான் தெரியும்.