நிப்லாவுக்கு மட்டும் ஒரு 'நீ'

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் நிப்லாவின் வீடு. கிண்ணியாவில் அவளைப்போல் மரியாதை தெரிந்த பிறவியை நான் கண்டதில்லை. பிள்ளைகளுக்கும் 'நீங்க', மீன்காரனுக்கும் 'நீங்க'. அதெல்லாம் சரி. சட்டியைத் திறந்து மீன் தின்னும் என் வீட்டுப் பூனைக்கும் 'நீங்க'தான். "இங்க வராதீங்க, அங்கால போங்க" என்று அவள் கெஞ்சுவாள். அது காலை நக்கிக்கொண்டு இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவ்வளவு மரியாதைக்காரி ஒரேயொரு ஆளைத்தான் 'நீ' என்பாள். சோறு கொஞ்சம் குழைந்தால் போதும், குசினிக்குள்ளிருந்து கேட்கும்: "உனக்கு ஒண்டும் ஏலா. நீ எதுக்குத்தான் உதவுவாய்?"

யாரோடு சண்டை என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். தனியாக நின்றாள்.

"ஆரப் புள்ள ஏசுறாய்?"

"என்னையத்தான் ராத்தா. வெளியில கேக்கிறது கொஞ்சம். உள்ளுக்க நாள் முழுக்க ஓடும்."

திருகோணமலை டவுனில் ஒரு மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. புருஷன் மவுத்தாகி அவள் விதவையான பிறகு, அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. பஸ்ஸை நம்பி அடிக்கடி பிந்திப் போனாள். இனியும் பிந்தினால் வேறு ஆள் பார்ப்பதாக முதலாளி சொல்லிவிட்டார். கட்டாருக்குப் போன தம்பியின் ஸ்கூட்டர் வீட்டில் நின்றது. ஓடப் பழகி லைசனும் எடுத்துவிட்டாள். ஊர் ஒழுங்கைகளில் நன்றாக ஓடுவாள். டவுனுக்குப் போகக் கடலுக்கு மேலால் ஒரு நீளப் பாலம்; அந்தப் பாலத்தடிக்குப் போனதும் உள்ளுக்குள் ஓடும் அந்தச் சத்தம் பிடித்துக்கொள்ளும்: 'காத்தடிச்சா நீ விழுவாய். உனக்கேன் இந்த வேலை?' திரும்பி வந்துவிடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு, பிஸ்மி சொல்லிப் புறப்பட்டாள். ஊரெல்லாம் பனி. கடலும் வானமும் ஒரே பாலாகக் கலந்து கிடந்தன. தோணிகள் ஆகாயத்தில் மிதந்தன. தெரு எங்கே முடிந்து பாலம் எங்கே தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. கீழே தண்ணீரின் சத்தம் கேட்டபோதுதான், பாலத்தில் ஏறிவிட்டது புரிந்தது.

நடுப்பாலத்தில் ஒரு மாடும் கன்றும். கன்று நடுங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. நிப்லா ஸ்கூட்டரை நிறுத்திக் காலை ஊன்றினாள். 'சொன்னன்தானே, நீ...' என்று உள்ளே தொடங்கியது. கன்று அவளையே பார்த்தது. கன்றுக்கு அவள் வேறு எப்படிச் சொல்வாள்?

"பயப்படாதீங்க. நேராப் பாருங்க. மெதுவாப் போங்க, ஒண்டும் ஆகாது."

கன்று தாயின் பின்னால் நடந்தது. அவற்றின் பின்னால் அவளும் ஊர்ந்தாள். சொல்லிக்கொண்டே போனாள். எவ்வளவு தூரம் போனாளோ, மாடும் கன்றும் பனிக்குள் கரைந்துவிட்டன. அவள் வாய் மட்டும் நிற்கவில்லை. பயப்படாதீங்க, மெதுவாப் போங்க. யாருக்குச் சொல்கிறேன் என்று அப்போதுதான் யோசித்தாள். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அக்கரை சேர்ந்தாள். கடை திறக்க முன்னரே வாசலில் நின்றாளாம்.

பின்னேரம் வேலிக்கு மேலால் இதைச் சொன்னபோதும் கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு காலமும் என்னோட நான் இப்பிடி ஒருக்காவும் கதைச்சதில்ல ராத்தா."

"அப்ப அந்தச் சத்தம் ஒழிஞ்சிட்டா?"

"எங்க ஒழியிற? திரும்பி வரக்குள்ளயும் வந்திச்சி. 'இண்டைக்குத் தப்பிட்டீங்க, நாளைக்குக் கட்டாயம் விழுவீங்க' எண்டிச்சி."

"'நீங்க' எண்டா சொன்னிச்சி?"

"ஓம்." அவள் சிரித்தாள். "மரியாதையாச் சொன்னா என்ன செய்யிற? 'சரி, விழுந்தா எழும்புறன்' எண்டு சொல்லிட்டு வந்திட்டன்."

அதற்குள் என் குசினியிலிருந்து கறி அடிப்பிடித்த மணம். ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினேன். 'அறிவு கெட்டவளே, உனக்கு...' என்று என் பாட்டுக்குத் தொடங்கிய வாய், பாதியில் நின்றது. வாசலில் பூனை உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி, விடுங்க" என்றேன். பூனைக்கு அல்ல.