மாடி கட்டினால் மலை தெரியும்

போன வெள்ளிக்கிழமை காலை வேங்கிக்காலில் ஒரு புது வீட்டுக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்தேன். மகள் பவித்ரா போன் செய்தாள். "அப்பா, சார் போயிட்டாருப்பா" என்றாள். "எங்க, கீழ்பென்னாத்தூருக்கா?" என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. ஏணி மேல் நின்றுகொண்டு ஒரு சாவுச் செய்தியை இப்படி வாங்கிக்கொண்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். அலுவலகத்தைத் திறக்கப் போன அவளுடைய முதலாளி படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். மாரடைப்பு.

தனசேகர் அண்ணனை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் விளம்பர அலுவலகம் வைத்திருந்தவர். கேபிள் டிவியில் ஓடும் துணிக்கடை விளம்பரம், பௌர்ணமிக்கு ஆட்டோ மைக்கில் கேட்கும் அறிவிப்பு, ரோட்டோர பேனர் என்று இந்த ஊரின் பாதிச் சத்தம் அவர் எழுதியதுதான். நான் அங்கே மின்சார வேலை பார்க்கப் போய்ப் பழக்கமானவன். என் படிப்பு பத்தாம் வகுப்புக் கணக்கோடு நின்றுபோனது, அவர் எம்.ஏ. இருந்தும் என்னை "வாங்க இன்ஜினியர்" என்றுதான் கூப்பிடுவார். கிண்டலா மரியாதையா என்று கடைசி வரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒருமுறை ஸ்விட்ச் போர்டை மாட்டிக்கொண்டே, "உக்காந்த எடத்துல நாலு வரி எழுதுறீங்க. நான் ஷாக் வாங்கிச் சாவுறேன். உங்க பொழப்பு எனக்கு வந்திருக்கக் கூடாதா?" என்றேன்.

"உங்க வேலைல ஒயர மாத்திக் குடுத்தா இன்னா ஆவும்?"

"ஃபியூஸ் போவும்."

"பாத்தீங்களா, உடனே தெரிஞ்சிடுது. எங்க வேலைல மாத்திக் குடுத்தாதான் லைட்டு ஜாஸ்தியா எரியும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் மனை போட்டு விற்ற ஒருவர், வாசலில் நின்றால் அண்ணாமலை தெரியும் என்று விளம்பரம் எழுதித் தரச் சொன்னார். அண்ணன் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே நின்று பார்த்தார். எதிரே பெரிய கல்யாண மண்டபம். மலையின் நுனிகூடத் தெரியவில்லை. பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி ஏணியில் என்னை ஏறச் சொல்லி, "தெரியுதா இன்ஜினியர்?" என்று கத்தினார். "மொத்தமா தெரியுதுண்ணே!" என்றேன். அவர் எழுதிக் கொடுத்த வரி: 'மாடி கட்டினால் மலை தெரியும்.'

மனைக்காரர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "சார், முதல் ரெண்டு வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க. சூப்பரா இருக்கும்."

"சூப்பராதான் இருக்கும். அதுக்குதான் எடுக்க மாட்டேங்கறேன்" என்றார் அண்ணன். வேலை வேறு ஆளுக்குப் போனது.

எல்லா இடத்திலும் அவர் இப்படி நின்றுவிடவில்லை. முடி வளரும் எண்ணெய்க்கு எழுதியவரும் அவர்தான். "இந்தத் தலைய வச்சிக்கினு எழுதியிருக்கேன் பாருங்க" என்று வழுக்கையைத் தடவிக்கொள்வார். அந்த விளம்பரம் டிவியில் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அவரிடம்தான் பவித்ரா கல்லூரி முடித்ததும் வேலைக்குச் சேர்ந்தாள். சும்மா இருப்பதற்குப் பதில் போகட்டும் என்று நான்தான் அனுப்பினேன். பிறகு குரூப் ஃபோர் தேர்வில் தேறினாள். கலந்தாய்வுக்கு அழைப்பும் வந்தது. எங்கள் வம்சத்தில் முதல் அரசாங்க வேலை. இவளோ, "நான் போகலப்பா, சார்கிட்டயே இருக்கேன்" என்றாள். நான் அண்ணனிடம் ஓடினேன். "நீங்க சொன்னாதாண்ணே கேப்பா. ஒரு வார்த்தை சொல்லுங்க."

டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "கவருமெண்ட்டு வேலைன்னா நிம்மதியா தூங்கலாம். இதுல தூக்கம் கம்மி. ஆனா காலைல எழுந்து வேலைக்குப் போவ நான் ஒரு நாளும் சலிச்சிக்கினதில்ல. ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வரேன், நானே பேசுறேன்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரே இல்லை.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் பவித்ரா கேட்டாள்: "என் வேலையப் பத்தி சார் உங்கிட்ட இன்னாப்பா சொன்னாரு?"

நாக்கு நுனியில் முன்பாதி தயாராக இருந்தது. பொய் இல்லை, அவர் சொன்னதுதான். 'தூக்கம் கம்மி'யோடு நிறுத்திவிட்டால் என் மகள் கலெக்டர் ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிடுவாள். மறுத்துச் சொல்ல அவரும் இல்லை. சமையற்கட்டிலிருந்து என் மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'ஆனா'வுக்குப் பின்னால் வந்ததையும் சேர்த்து முழுவதையும் சொன்னேன். பவித்ரா முகம் கழுவப் போய்விட்டாள்.

"பாதியோட வாய மூடிக்கினு இருந்திருக்கலாம் இல்ல?" என்றாள் மனைவி.

இருந்திருக்கலாம்தான். கலந்தாய்வு நெருங்குகிறது, பெண் இன்னும் வாய் திறக்கவில்லை. அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒரேயொரு 'ஆனா'. அதை வெட்டாமல் மகள் கையில் கொடுத்துவிட்டேன். அது அவளை எங்கே கொண்டுபோய் விடுமோ என்ற பயத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.