மூன்று பேர் கை காட்டினார்கள்

நான்கு வருடங்களுக்கு முன்னால், மடகாஸ்கருக்கு வடக்கே இருக்கிற சின்னச் சின்னத் தீவுகளுக்கு நடுவில், ஒரு பயணக் கப்பலின் மேல்தளத்தில் நடந்தது இது. நான் அந்தக் கப்பலில் சாப்பாடு பரிமாறுகிற வேலையில் இருந்தேன். இந்தக் கதையை ஊரில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களிடம் சொன்னதில் பாதியை மறைத்துவிட்டேன். இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு தக்கலை பக்கம். அப்பாவுக்கு வாழையும் கொஞ்சம் ரப்பரும். கடற்கரைக்குப் பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம்தான். ஆனால் எங்களுக்குக் கடல் என்றால் விடுமுறை நாள் சாயங்காலம் போய்க் காலை நனைத்து, சுண்டல் தின்றுவிட்டுத் திரும்புகிற இடம். மீன் என்றால் வாசலில் வந்து கூப்பிடுகிற அக்கா தலையில் சுமந்துவரும் சருவத்தில் இருப்பது. இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி அவரிடம் சண்டை போடுவோமே தவிர, அது எப்படிக் கரைக்கு வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கப்பல் வேலைக்குப் போகும்வரை நான் ஒரு வள்ளத்தில் கால் வைத்தது கிடையாது.

அது ஆயிரக்கணக்கான பேர் ஏறுகிற பெரிய உல்லாசக் கப்பல் இல்லை. நூறு, நூற்றிருபது பயணிகள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள். ஐம்பது நாளுக்கு மேல் போகிற பயணம். ஆள் இல்லாத தீவுகளில் ரப்பர் படகில் இறக்கி ஆமையும் பறவையும் காட்டுவார்கள். இடையில் மொம்பாசா, சான்சிபார் என்று ஏதாவது ஒரு கடற்கரை நகரத்தில் நிறுத்துவார்கள். சாப்பிட வரும்போதுகூடக் கழுத்தில் பைனாகுலர் தொங்கும்.

பரிமாறுகிறவனுக்குக் கை எவ்வளவு முக்கியமோ வாயும் அவ்வளவு முக்கியம். எந்த ஊர் என்று கேட்பார்கள். இந்தியாவின் தென்கோடி, மூன்று கடலும் சேர்கிற இடம் என்பேன். அவர்கள் முகம் மலரும். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றும். நாங்கள் கடல் மக்கள் என்றேன். அப்பா மீன்பிடிக்கிறவர் என்றேன். நடக்கப் பழகுமுன் நீந்தப் பழகினேன் என்றேன். பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை, ஊர்ப் பெருமை பேசுகிறோம் என்றுதான் தோன்றியது. வாய்க்கொழுப்பு, வேறென்ன.

இந்தக் கதைகளை எல்லாரையும்விட ஆசையாகக் கேட்டவர் ஒரு வயதான அம்மா. எழுபத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்தபிறகு தனியாக வந்தவர். எந்தக் காற்றில் எந்த மீன் வரும், அலையைப் பார்த்து மழையைச் சொல்ல முடியுமா என்று தினம் ஏதாவது கேட்பார். நானும் சளைக்காமல் அளந்துவிடுவேன்.

அதே கப்பலில் சலவைப் பகுதியில் நிஜமான கடல்காரர் ஒருவர் இருந்தார். தேங்காய்ப்பட்டணத்துக்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பத்து வருடம் அவர் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு, அதன்பிறகு இந்த வேலைக்கு வந்தவர். என் கதைகள் எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டன. அதிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மக்கா, ஒங்க அப்பா வாழத்தோட்டத்துலயா வள்ளம் ஓட்டுதாரு?" என்று கேட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அன்று காலை பதினொரு மணி. மேல்தளத்தில் அந்த நேரத்தில் சூப் கொடுப்பது வழக்கம். நான் தட்டோடு போகும்போது பயணிகள் ஏழெட்டுப் பேர் ஒரு பக்கமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் ஒரு சின்னப் படகு. அதில் மூன்று பேர். ஒருவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, மெதுவாக மேலே தூக்கி மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஒரு கம்பில் ஏதோ துணியைக் கட்டி ஆட்டினார். எங்கள் பயணிகள் சந்தோஷமாக அவர்களுக்குக் கை காட்டினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். தீவுகளுக்குப் பக்கத்தில் மீன்பிடிப் படகுகளைப் பார்ப்பதும் கை காட்டுவதும் தினம் நடக்கிறதுதான்.

அந்த அம்மா மட்டும் கை காட்டவில்லை. பைனாகுலரை இறக்கிவிட்டு என்னைத் தேடித் திரும்பினார். ஏதோ சரியில்லாத மாதிரி இருக்கிறதே, நீ மீனவர் வீட்டுப் பிள்ளை, உனக்குத் தெரியும், அவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்டார்.

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதை அங்கே, அத்தனை பேர் திரும்பிப் பார்க்கும்போது, சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஊரிலும் மீனவர்கள் இப்படித்தான் வணக்கம் சொல்வார்கள் மேடம், கப்பலைப் பார்த்தால் அவர்களுக்குக் குஷி என்றேன். சொன்னதோடு விடவில்லை. தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கி நானும் ஆட்டினேன்.

அந்த அம்மா நிம்மதியாக ஒரு படம் எடுத்துக்கொண்டார். சூப்பை வாங்கிக்கொண்டார். படகு சிறிதாகிக்கொண்டே போய்க் கண்ணை விட்டு மறைந்தது. கப்பலை ஓட்டுகிற மேல் அறையில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்களா, பார்த்தும் மீன்பிடிப் படகுதானே என்று விட்டார்களா, அது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் செய்தது எனக்குத் தெரியும்.

சாயங்காலம் ஐந்து மணிபோலச் சட்டை வாங்குவதற்காகச் சலவை அறைக்குப் போனேன். அண்ணன் மேஜைவிரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சிரிக்க வைக்கத்தான் இதைச் சொன்னேன், என்னைக் கடல்காரன் என்று நம்பி ஒரு அம்மா சந்தேகம் கேட்டதையும் நான் சமாளித்ததையும். அவர் சிரிக்கவில்லை.

"எப்பிடி கை காட்டினான்? நீ காட்டு பாப்போம்."

நான் இரண்டு கையையும் விரித்து மேலே தூக்கி இறக்கிக் காட்டினேன். அவர் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எஞ்சின் ஓடிச்சா? வல தண்ணியில கெடந்துதா?"

"பாக்கல அண்ணா."

"பின்ன என்னத்தலே பாத்த நீ?"

அவர் குரலை உயர்த்தவில்லை. மிகவும் தாழ்த்திப் பேசினார். "மக்கா, அது டாட்டா இல்ல. எந்த நாட்டுக்காரனும் கடல்ல உயிருக்குக் கேக்குதது அப்பிடித்தான். நானும் ரெண்டு நாளு அப்பிடி நின்னிருக்கேன், எஞ்சின் போயி. ஒரு கப்பலு பக்கத்துல போச்சு. அதுல நின்னவனும் கை காட்டிட்டுதான் போனான்."

இந்த இடத்தைத்தான் நான் ஊரில் என் அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. உடனே ஓடினேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஓடவில்லை. கப்பல் ஆறு மணி நேரம் தாண்டி வந்துவிட்டதே, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்றேன். ஒருவேளை நிஜமாகவே வணக்கம்தானோ என்னவோ என்றேன். காலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் வேலை போய்விடும் என்றேன். தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்றுகூடச் சொன்னேன். துணி மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு அரை மணி நேரம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலையைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. என் அப்பா வாழை விவசாயி என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்கிற பயம். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் ஸ்விட்சை அணைத்தார். "சோலி போனா போட்டு. நீ வரலன்னா நான் போயி சொல்லுதேன்" என்று, வியர்த்த பனியனோடு வெளியே நடந்தார். அதற்குப் பிறகுதான் நான் எழுந்தேன்.

இருவரும் மேல் அறைக்குப் போய்ச் சொன்னோம். அங்கிருந்த அதிகாரி திட்டவில்லை. நேரம் என்ன, எந்தப் பக்கம், எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்று பேர் என்றேன். அந்த அம்மா படம் எடுத்ததைச் சொன்னதும் அவரையும் வரச் சொன்னார்கள். படத்தில் நேரம் பதிவாகியிருந்தது, அதை வைத்து இடத்தைக் கணக்குப் போட்டார்கள். படத்தைப் பெரிதாக்கிக் கணினித் திரையில் வைத்தார்கள். நின்றுகொண்டு கை விரிப்பவர். துணி கட்டிய கம்போடு ஒருவர். அது வெறும் துணி இல்லை, அவருடைய சட்டை. மூன்றாமவர் படகின் ஓரத்தில் சாய்ந்து கிடந்தார். அவர் கை முழங்கை உயரத்துக்கு மட்டும் எழுந்திருந்தது. அதற்குமேல் தூக்க அவருக்குத் தெம்பில்லை. காலையில் அவரைப் பார்த்து, சொகுசாகச் சாய்ந்துகொண்டு கை காட்டுகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

கேப்டன் கரையிலிருக்கிற மீட்பு நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். அந்த இடத்துக்கு உங்களைவிடப் பக்கத்தில் ஒரு சரக்குக் கப்பல் இருக்கிறது, அதைத் திருப்பி அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. அன்று இரவு உணவுக்கு நான் பரிமாறியது எதுவும் நினைவில் இல்லை.

மறுநாள் மதியம், சாப்பாட்டுக் கூடம் நிறைந்திருக்கும்போது ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். படகு கிடைத்துவிட்டது, இரண்டு பேர் பத்திரமாக மீட்கப்பட்டார்கள், இதற்குக் காரணம் ஒரு பயணியும் நம் ஊழியர் ஒருவரும் காட்டிய விழிப்பு என்றார். என் பெயரையும் சொன்னார். கூடம் முழுக்கக் கை தட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். நான் மீன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேர் என்றது மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஜன்னலோரம் அந்த அம்மா கை தட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்புறமாக அந்த அதிகாரியைத் தேடிப்போய் மூன்றாவது ஆளைக் கேட்டேன். சரக்குக் கப்பல் போய்ச் சேருமுன்பே, முந்தின நாள் சாயங்காலம், அவர் இறந்துவிட்டார் என்றார். நாலு நாளாகத் தண்ணீர் இல்லாமல் கிடந்திருக்கிறார்கள். எங்கள் கப்பலில் டாக்டர் இருந்தார். இரண்டு கட்டில் போட்ட ஆஸ்பத்திரி அறை இருந்தது. தினம் நாலைந்து தடவை நான் அந்த அறையைத் தாண்டித்தான் நடப்பேன், அந்தப் பயணத்தில் அது பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. எந்நேரத்தில் இறந்தார் என்று நான் கேட்கவில்லை. நான் துணி மூட்டையில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

அதன்பிறகு அந்த அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தேநீரைத் தானே போய் எடுத்துக்கொள்வார். பயணத்தின் கடைசி நாள் என்னைக் கூப்பிட்டார். என் அப்பா விவசாயி, எனக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரிடம் சொன்னேன். அது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்றார். பிறகு, அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று நீ சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் நானும் உன்னிடம் கேட்டேன், மேலே போய்க் கேட்டிருக்க எனக்கும் கால் இருந்தது என்றார். என் பாரத்தைக் குறைக்கத்தான் சொன்னாரா, தன் பாரத்தைச் சொன்னாரா, தெரியவில்லை. எனக்குக் குறையவில்லை.

கம்பெனி ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. ஊருக்கு வந்ததும் என் அம்மா அதைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுக் கதை கேட்பார்கள். நானும் சொல்வேன், கண்டேன், ஓடினேன், சொன்னேன், காப்பாற்றினோம் என்று. கப்பலில் அந்த வயதான அம்மாவிடம் அளந்த அதே வாய்தானே. மூன்றாவது ஆளை என் கதையில் நான் ஏற்றியதே இல்லை.

போன வருடம் தங்கச்சி கல்யாணத்துக்கு அண்ணன் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்திருந்தார். பந்திக்குப் போகுமுன் முன்னறையில் அந்தப் பத்திரத்தின் முன்னால் நின்று, ஒவ்வொரு வரியாக வாசித்தார். அம்மா பெருமையாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரெண்டு பேருன்னு எழுதியிருக்கு, இல்லியா மக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா அண்ணா."

"செரி" என்றார். அம்மாவிடம் சாப்பாடு தயாரா என்று கேட்டுக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்.

கல்யாண வேலை எல்லாம் முடிந்த மறுநாள் அதைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று கேட்ட அம்மாவிடம் நடந்தது முழுக்கச் சொன்னேன். அவர் பத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். பிறகு, "அந்தப் புள்ளைக்கும் ஒரு அம்ம இருந்திருப்பால்லா" என்றார். ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது.

தெரியாது மேடம், மேலே கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். இப்போது எங்கே படகைப் பார்த்தாலும், கரையில் நிற்கிற எல்லாரும் கை காட்டினாலும், என் கை எழுவதில்லை, அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணுகிறேன்.