பன்னிரண்டு மணிக்கு வந்த மீ கோரெங்

மாணவி ஒருத்தியின் அம்மா சாந்தியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது என் மூன்றாம் ஆண்டு வகுப்பின் வாசலில், ஆண்டிறுதி விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பு. கையில் பச்சை மூடி போட்ட டப்பா. உள்ளே சூடாக மீ கோரெங், வறுத்த நூடுல்ஸ். மணி பன்னிரண்டு. வகுப்பு விருந்து முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவது பாதிதான். மறு பாதி பெற்றோருக்குச் செய்தி சேர்ப்பது. பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் பயிற்சி எதுவும் இல்லாமல் தற்காலிக ஆசிரியராகப் போனவன் நான். பாடம் நடத்துவதை மற்றவர்களைப் பார்த்தும் புத்தகங்களைப் புரட்டியும் கற்றுக்கொண்டேன். அந்த மறு பாதி மட்டும் ஓய்வு பெறும் வரை எனக்கு வரவே இல்லை. வகுப்பாசிரியராக இருந்தவர்களுக்கும், பிள்ளையின் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

ஏதாவது கொண்டு வாருங்கள்

குரூப் தொடங்கிய முதல் வருடம், ‘நாளை வகுப்பு விருந்து. பிள்ளைகளிடம் ஏதாவது கொடுத்து அனுப்பவும்’ என்று போட்டேன். இருபத்தாறு பிள்ளைகளில் பத்தொன்பது பேர் அரிசிச் சேமியாவில் பிரட்டும் மீகூன் கொண்டுவந்தார்கள். சிவப்பு மீகூன், வெள்ளை மீகூன், முட்டை போட்டது, போடாதது. ஒரு பிள்ளை முழுத் தர்பூசணியை வெட்டாமல் பள்ளிப் பையில் வைத்துத் தூக்கிவந்திருந்தது. தட்டு இல்லை, கரண்டி இல்லை, குடிக்க ஒன்றும் இல்லை. கான்டீன் அக்காவிடம் ஓடிப்போய்க் கத்தி கேட்டு வாங்கிவந்தேன்.

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாயிடம், எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு மீகூன் செய்தீர்களா என்று கேட்டேன்.

“ஏதாவதுன்னா மீகூன்தானே சார். வேற வேணும்னா நீங்கதான் லிஸ்ட் போட்டிருக்கணும் லா.”

சிரித்த முகம்

பக்கத்து வகுப்புப் பரமேஸ்வரி டீச்சர் என் செய்திகளைப் படித்துவிட்டு, போலீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது, கடைசியில் ஒரு சிரித்த முகமாவது போடுங்கள் என்றார். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் என் மனைவி கமலா போனை வாங்கிக் காட்டிக்கொடுத்தாள். ஒரு வாரம் எல்லாவற்றுக்கும் போட்டுத் தள்ளினேன்.

அது தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் வாரம். லாரி ஓட்டும் ஒரு தகப்பனாருக்கு, ‘தங்கள் மகள் கணிதத்தில் பன்னிரண்டு புள்ளிகள் பெற்றுள்ளார்’ என்று எழுதி, கீழே சிரித்த முகத்தையும் வைத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் லாரியைப் பள்ளி கேட்டை அடைத்து நிறுத்திவிட்டு நேராக என் வகுப்புக்கு வந்தார்.

“ஏன் சார், எம்மக பன்னெண்டு எடுத்ததுல உங்களுக்கு அப்படி என்ன சார் சந்தோஷம்?”

ஒன்பதரை மணி

சாந்தி ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் குடியிருந்தார். பாயான் லெப்பாஸ் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை. வேலைக்குள் போனால் போன் லாக்கரில். மகள் யாழினி என் வகுப்பு. அதற்குள் நான் லிஸ்ட் போடப் பழகியிருந்தேன். அந்த வருட லிஸ்டில் மீ கோரெங்குக்கு நேரே சாந்தியின் பெயர். விருந்து பன்னிரண்டு மணிக்கு.

முதல்நாள் மாலை, மதியம் ஆசிரியர் கூட்டம் இருக்கிறது என்று தலைமையாசிரியை சொன்னார். விருந்தை ஒன்பதரைக்கு மாற்றி, குரூப்பில் ஒரே ஒரு வரி போட்டேன். அன்றைக்கு யாரோ ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். வாழ்த்தும் கேக் படமுமாக வந்து விழுந்ததில் என் வரி எங்கோ மேலே போய்விட்டது.

விருந்தில் யாழினி எதையும் தொடவில்லை. காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, “அம்மா பன்னெண்டு மணிக்குக் கொண்டு வருவாங்க சார்” என்றாள். சாந்தியின் எண் என் போனில் இருந்தது. நான் அழைக்கவில்லை. நாற்காலி விளையாட்டுக்குப் பாட்டை நிறுத்தி நிறுத்திப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாந்தி வந்தபோது பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும் முன் வகுப்பைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். “விருந்து முடிஞ்சிருச்சேம்மா. குரூப்புல போட்டிருந்தேனே” என்றேன். யாழினி தட்டோடு எழுந்து நின்றாள். எல்லாரையும் மறுபடி உட்காரவைத்து ஆளுக்கு ஒரு கரண்டி போட்டிருக்கலாம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கூட்டத்துக்கு நேரமாகிறது என்று டப்பாவை நானே கையில் வாங்கிக்கொண்டேன்.

“பரவால்ல சார். வீட்டுக்குக் கொண்டு போய்ச் சாப்பிடுங்க. பிள்ளைங்களுக்குன்னு காரம் கம்மியாத்தான் போட்டேன்.”

காலி டப்பா

காரம் கம்மியாகத்தான் இருந்தது. மறுநாள் கழுவிய டப்பாவை யாழினியிடம் கொடுத்துவிட எடுத்தேன். கமலா தடுத்தாள். வந்த டப்பாவை அவள் ஒருநாளும் காலியாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பாள். “இவங்களுக்குச் சீனி போதாது. பொங்கலுக்கு நெய் உருண்டை பிடிக்கிறேன். அப்போ பள்ளி திறந்திருக்கும், கொண்டு போய்க் கொடுங்க” என்றாள். மன்னிப்புக் கேட்கத் தெரியாத எனக்கும் அது வசதியாகப் பட்டது.

விடுமுறை விட்டதும் குரூப்பின் சத்தத்தை அணைத்துவிட்டேன். டிசம்பர் நடுவில் ஒருநாள் சும்மா திறந்து பார்த்தேன். காலை வணக்கப் பூக்களுக்கு இடையில் ஒரு வரி: யாழினியின் அம்மா டெங்குக் காய்ச்சலில் தவறிவிட்டார். ஐந்து நாள் பழைய வரி. தகனம் எல்லாம் முடிந்திருந்தது. யாழினியின் அப்பாவை அழைத்து, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை.

“குரூப்புல போட்டிருந்தேனே சார்.”

ஜனவரியில் யாழினி வரவில்லை. கூலிம் ஊரில் அத்தை வீட்டில் விட்டு, அங்கேயே பள்ளி மாற்றியிருந்தார்கள். அந்தப் பொங்கலுக்குக் கமலா சொன்னபடியே நெய் உருண்டை பிடித்து டப்பாவை நிரப்பி வைத்தாள். அதை எடுத்துக்கொண்டு சாந்தியின் வீட்டுக் கதவைத் தட்ட எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு வாரம் கழித்து நாங்களே தின்று தீர்த்தோம்.

கமலாவும் போய் மூன்று வருடம் ஆகிறது. பச்சை மூடி டப்பா அடுப்புக்கு மேல் பலகையில் காலியாகத்தான் இருக்கிறது.