வண்டூர் வானத்து வெளிச்சம்

இதை எழுதப் பல வருஷமாகக் கூசினேன்.

தீவில், வண்டூர் கடற்கரையில் பொழுது சாய்கிறது. பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். டீக்கடைத் தமிழ்ப் பெண்ணின் புருஷன் டிங்கிப் படகில் மீன் பிடிக்கப் போயிருக்கிறான். திடீரென்று கடலுக்கு மேல் பெரிய வெளிச்சம். "முருகா!" என்று கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

அடுப்பில் குனிந்திருந்தவள் பதறி ஓடி வருகிறாள். "அண்ணே, மேல போச்சா, கீழ விழுந்துச்சா? ஆபத்துன்னா அவரு மேல வாணம் விடுவாரு!"

"கண்ண மூடிட்டேம்மா."

"அரே, சாமி எங்க ஓடிப்போவுது? பாத்துட்டுக் கும்பிடக் கூடாதா?"

அவள் முழங்கால் தண்ணீரில் நின்று இருட்டையே பார்க்கிறாள். என்னால் நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. கடைசியில் டிங்கியின் இஞ்சின் சத்தம் கேட்கிறது. "நட்சத்திரம் விழுந்துச்சே, பாத்தியா?" என்று அவன் சிரிக்கிறான். அவள் அழுகிறாள்.

இதை யாரிடமாவது சொன்னால், முருகன் காட்சி தந்தான் என்று மாற்றாதீர்கள். நான் கண்ணை மூடியிருந்தேன் என்றே சொல்லுங்கள்.