புத்தூர் ரேடியோவில் ஆட்டமில்லாத வாத்தியம்

புத்தூர் டீக்கடை ரேடியோவில் ஏதோ வெளிநாட்டு வாத்தியம் கேட்கிறது. மஞ்சள் வேட்டியோடு திருப்பதி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். இந்தப் புரட்டாசியில் முதல் தடவையாகத் தனியாக.

"இன்னா பாட்டுப்பா இது?" என்று கடைக்காரரைக் கேட்கிறேன்.

"பிரெஞ்சு தேசத்து நாட்டியத்துக்கு வாசிக்கிறதாம் நைனா."

"ஆடுறவங்க?"

"நம்ம ஊரு ஆந்திராவுல சேருமா மெட்ராஸ் ராஜ்யத்துல சேருமான்னே இன்னும் தீரல. நீ ரேடியோவுல ஆட்டக்காரியத் தேடிக்கினு கீறியே."

சிரிக்கிறேன். வாத்தியம் வேகமாக ஓடிச் சட்டென்று நிற்கிறது. யாரோ கால் எடுத்து வைக்க இடம் விட்டுவிட்டு, மறுபடி தானே தொடங்குகிறது.

மலையேறும்போது நான் "கோவிந்தா" என்பேன். பின்னால் வரும் என் மனைவி பதில் சொல்லுவாள். மாசியில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். காலையிலிருந்து கோவிந்தன் பெயரை நான் சொல்லவில்லை. பதில் வராதே என்ற பயம்.

பஸ் வருகிறது. எழுந்திருக்கும்போது பழக்கத்தில் "கோவிந்தா" என்று வாயில் வந்துவிடுகிறது.

அடுப்பைவிட்டு நிமிராமலே கடைக்காரர் சொல்கிறார், "கோவிந்தா."